படத்தில் மட்டும் வரும் நரி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளோடு அமர்ந்து பார்ப்பதற்கு எந்தப் படக்கதைப் புத்தகத்தை வாங்கலாம் என்று, நூலகத்தில் பணியாற்றிய காலந்தொட்டுப் பெற்றோர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலோர் மனத்தில் இருப்பது எழுத்துக்கு ஒரு படம் போட்ட புத்தகம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்டின் படத்துக்குக் கீழே ஆடு என்றே அச்சிட்டிருந்தால், ‘இது என்ன?’ என்று கேட்பதைத் தவிரப் பெரியவருக்கும், பதிலை ஒப்பிப்பதைத் தவிரக் குழந்தைக்கும் அங்கே வேலை இல்லை. எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும் புத்தகமாகப் பார்த்து எடுங்கள் என்பதே என் பரிந்துரை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த ‘ரோசீஸ் வாக்’. ஆங்கிலத்தில் 32 சொற்களாலான ஒரே வாக்கியந்தான் அதன் முழுக் கதையும்: ரோசி என்னும் கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரில் ஏறி இறங்கி, உலாவிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. நரி என்ற சொல் அதில் எங்குமே இல்லை. படங்களிலோ தொடக்கத்திலிருந்தே ஒரு நரி கோழியைப் பின்தொடர்கிறது. பாயும்போதெல்லாம் அடிபடுகிறது, குளத்தில் விழுகிறது, மாவில் குளிக்கிறது, கடைசியில் தேனீக்களால் துரத்தப்படுகிறது. கோழி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு பாட்டி இதைத் தம் பேத்திக்குக் காட்டியதை நான் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். நான் தமிழில் சொல்லிக்கொடுத்த வரிகளை அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போக, ‘பாட்டி, நரி வருது!’ என்று குழந்தை பதறியது. பாட்டி கெட்டிக்காரர். ‘நரியா? எங்கடி நரி? கோழிதானே போகுது’ என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அவ்வளவுதான், பேத்தி முழங்காலிட்டு எழுந்து, நரியின் மூக்கின்மேல் விரலை அழுத்தி, கோழியின் காதில் விழுந்துவிடக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, ‘இதோ’ என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பவும் அவள் விடவில்லை. நரி எங்கே விழப்போகிறது என்பதை முதலில் தான் சொல்ல வேண்டுமாம். எழுத்து சொல்லாததைப் படம் சொல்லுமானால், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை பெரியவருக்குக் கதை சொல்லத் தொடங்கிவிடும் என்பதைத்தான் நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறேன்.

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் எழுதி வரைந்து 1969இல் வெளிவந்த ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ புத்தகத்தில், பசி தீராத கம்பளிப்பூச்சி கடித்த பழங்களில் உண்மையாகவே துளைகள் உண்டு. குழந்தைகள் விரலை நுழைத்து மறுபக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’யில் சளி பிடித்த யானை தும்முகிறது. அந்தத் தும்மலை அடக்கமாகப் படிப்பவர்கள் தயவுசெய்து புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதே புத்தகத்தையே நாள்தோறும் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். தும்மல் எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவர்களுக்கு இன்பம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சொற்களே இல்லாத படப் புத்தகங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், அதற்கு இனி நேரமில்லை. விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு ஒன்று: பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். கைப்பேசியிலேயே காட்டுவதைவிட அச்சிட்டுத் தைத்துக் கொடுங்கள். குழந்தை விரும்பிய பக்கத்துக்குத் தானே திரும்பிப் போகும். நன்றி, வணக்கம்.