கால் டாலர் காசுல ஒரு மலை மூஞ்சி

வணக்கம் மக்களே, எல்லாரும் சுகமா இருக்கியளா? கன்னியாகுமரி மாவட்டத்துல பொற்றையடி பக்கம் நிக்கேன். பின்னால தெரியது மருந்துவாழ் மலையாக்கும். காத்துச் சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

இந்தக் காசைப் பாருங்க. ஃபோகஸ் ஆகட்டும்... ஆ, ஆயிட்டு. அமெரிக்கக் கால் டாலர். மாமா கப்பல் வேலைக்குப் போனப்போ சில்லறையோட சில்லறையா வந்தது. ஒரு பக்கம் அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி வாஷிங்டன். மறுபக்கம் ஒரு பாறை. சாச்சுப் பிடிச்சா நெத்தி, மூக்கு, தாடை எல்லாம் தெரியும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல, கேனன் மலையில இருந்த 'மலைக் கிழவர்'. யாரும் செதுக்கினது இல்ல. அஞ்சு கருங்கல் திட்டு முன்னால நீட்டிக்கிட்டு நின்னுச்சு, பக்கவாட்டுல பாத்தா கிழவர் மூஞ்சி. நாப்பது அடி உயரம்.

அங்க 1999ல தொடங்கி மாநிலத்துக்கு ஒண்ணுன்னு காசு விட்டாங்க. 2000ல இவரு முறை. நூறு கோடிக்கு மேல அடிச்சாச்சு. 2003 மே 3, ஒரே மேகமூட்டம், ராத்திரியோட ராத்திரியா மொத்தமா சரிஞ்சுட்டாரு. காலையில பாத்தா மூஞ்சியக் காணல்ல! காசு வந்து மூணு வருசம்கூட முழுசா ஆகல்ல.

'அப்போ இந்தக் காசு லட்சம் போகுமா அண்ணே'ன்னு கேக்க வாறியளா? போகாது. கால் டாலர் கால் டாலர்தான். பழைய காசுக்கு லட்சம் தாறோம்னு சொல்லுத வீடியோவ நம்பி யாருக்கும் பணம் அனுப்பாதீங்க.

கிழவருக்கு ஆபத்துன்னு நூறு வருசத்துக்கு முன்னாலயே தெரியும். விரிசல்ல தண்ணி இறங்கும், குளிர்ல உறையும், உறைஞ்சா பெருகும், விரிசல் இன்னும் அகலும். வருசா வருசம் இதே கூத்து. 1916ல நெத்திப் பாறைய இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினாங்க. கட்டினது யாருன்னு நினைக்கியோ? ஒரு கல்குவாரிக்காரரு! கல்லு உடைக்குத ஆளு, கல்லைக் காப்பாத்த மலை ஏறியிருக்காரு. எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே அதாக்கும். பிறகு சிமெண்டும் பூசிப் பாத்தாங்க. நிக்கல்ல.

இப்போ அடிவாரத்துல புடைப்பு வச்ச இரும்புத் தூண் நட்டிருக்காங்க. நம்ம உயரத்துக்குக் குறிச்ச இடத்துல நின்னு பாத்தா, அந்தப் புடைப்பு மலையோட ஒட்டி பழைய மூஞ்சி தெரியும். அந்த மாநில ரோட்டு போர்டுலயும் இன்னும் அவருதான்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். நாகர்கோவில்ல என்னைக்கு மக்கா தண்ணி உறைஞ்சிருக்கு? நம்ம மலைய உறைபனி ஒண்ணும் செய்யாது. செய்யது குவாரி வெடியும் டாரஸ் லாரியும். ராத்திரி கேரள எல்லையில களியக்காவிளை ரோட்டுல நின்னு பாருங்க, மலை வரிசையா டயர்ல போவுது. அங்க இயற்கை தள்ளின பாறைய மனுசன் பிடிச்சு நிறுத்தப் பாத்தான். இங்க தன்பாட்டுக்கு நிக்குத பாறைய உடைக்க நாம பெர்மிட் போடுதோம்.

நம்ம ஊர்லயும் நினைவுக் காசு உண்டு. காமராசர் நூற்றாண்டுக்கு, விவேகானந்தர் 150க்கு எல்லாம் அஞ்சு ரூபா காசு வந்திருக்கு. குமரி மலை ஒண்ணுக்கு வந்தா எது வரணும்? என் ஓட்டு வேளிமலைக்கு. வள்ளி கல்யாணம் நடந்த மலையாச்சே. உங்க மலை எதுன்னு கமெண்ட்ல போடுங்க, பக்கத்துல குவாரி ஓடுதா இல்லையான்னும் சேத்து எழுதுங்க.