கட்டியை எடுத்த பிறகும் நுரையீரலுக்கு எப்படிப் போனது?

வணக்கம். இன்றைய வீடியோ கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது என் சித்தி ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஒழுங்காக முடித்தவர். இந்த வருடம் இருமல் விடவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் இரண்டு புள்ளிகள். "கட்டியைத்தான் எடுத்துப் போட்டாங்களே, அப்புறம் அது எப்படிப்பா நுரையீரல்ல வந்துச்சு?" என்று கேட்டார். இதே துறையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன்.

பாதி பதில் சுலபம். ஆபரேஷனுக்கு முன்பே சில புற்றுநோய்ச் செல்கள் ரத்தத்தில் ஏறிப் போயிருக்கும். போன இடத்தில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கவும் செய்யும். மீதிப் பாதிதான் கஷ்டம். ரத்தம் உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, ஏன் சில உறுப்புகளை மட்டும் பிடித்துக்கொள்கிறது?

இந்தக் கேள்வியை 1889-லேயே லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் கேட்டிருக்கிறார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி எண்ணிப் பார்த்தார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்குத்தான். ரத்தம் போகிற வழியை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. விதை எங்கும் போய் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார்.

சித்தி வயலில் வேலை செய்து வளர்ந்தவர். இதைக் கேட்டதும், "மண்ணு தானா பதமாகுமா? தண்ணி விட்டு, சேறடிச்சு, பரம்படிச்சாத்தானே நடவு? அதை யார் செஞ்சா?" என்றார். பேஜெட்டுக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி அது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நான் இன்றைக்குச் சொல்லப் போவது ஷிசென் எமிலி வாங் என்ற ஆராய்ச்சியாளரின் வேலையைப் பற்றி. கலிபோர்னியாவில் முதலில் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் இருந்தார், பிறகு சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய குழு கண்டதை ஒரே வரியில் சொன்னால், புற்றுநோய்ச் செல் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே பரம்படிக்க ஆள் அனுப்பிவிடுகிறது.

அந்த ஆள் யார்? நம் செல்கள் எல்லாமே சின்னச் சின்னக் கொழுப்புப் பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிக்கிள் என்று பெயர், சுருக்கமாக ஈவி. அதில் ஒரு வகையைத்தான் எக்ஸோசோம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பொட்டலம் என்றே சொல்கிறேன். அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர், அதாவது தலைமுடி அகலத்தில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். 1983-ல் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, முதிர்ந்துகொண்டிருந்த ஆட்டின் ரத்தச் செல்களில் இதைப் பார்த்தபோது, வேண்டாததைச் செல் வெளியே தள்ளும் வழி என்றுதான் தோன்றியது. ரொம்ப நாள் குப்பைப் பை என்றே பெயர். 2007-ல் ஸ்வீடனில் யான் லோட்வால் குழு அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஆர்என்ஏ இருக்கிறது, அது அடுத்த செல்லுக்குப் போய் வேலையும் செய்கிறது என்று காட்டிய பிறகு எல்லாம் மாறியது.

உள்ளே இருக்கும் சரக்கில் முக்கியமானது மைக்ரோஆர்என்ஏ. ஒரு செல் புரதம் தயாரிக்க டிஎன்ஏவிலிருந்து ஒரு நகல் சீட்டு எழுதிக்கொள்ளும். மைக்ரோஆர்என்ஏ 22 எழுத்து அளவுள்ள துணுக்கு. சீட்டில் ஏழெட்டு எழுத்து பொருந்திவிட்டால் போதும், அங்கே ஒட்டிக்கொண்டு அந்தப் புரதம் உருவாகாமல் தடுத்துவிடும். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்ட விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்தப் பொட்டலங்களை எப்படிப் பிடிப்பது? இது என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். இதோ கையில் இருப்பது காலி ட்யூப். நாங்கள் அதிகம் வளர்க்கும் செல்லுக்கு எம்டிஏ-எம்பி-231 என்று பெயர். 1970-களில் மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தவை. அந்தப் பெண்ணை நினைக்காமல் நான் அந்த பிளாஸ்கைத் திறப்பதில்லை.

செல்களுக்குத் தீனியாக மாட்டின் கருவிலிருந்து எடுத்த சீரம் ஊற்ற வேண்டும். அதிலேயே மாட்டுப் பொட்டலங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அதை முதலில் ராத்திரி முழுக்கச் சுழற்றி நீக்காவிட்டால், கடைசியில் நாம் அளப்பதில் மாட்டுடையதும் கலந்துவிடும். அப்புறம் செல்கள் இரண்டு நாள் ஊறிய திரவத்தை எடுத்து, மெதுவாகச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கும், இன்னும் வேகமாகச் சுழற்றினால் உடைந்த துண்டுகள் தங்கும். கடைசியில் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் புவியீர்ப்பைப் போல 1,00,000 மடங்கு விசையில் 70 நிமிடம். எதிரெதிர் ட்யூப்கள் எடை சமமாக இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்க்காமல் யாரும் அந்த மூடியை மூடமாட்டார்கள்.

எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ட்யூபில் ஒன்றுமே தெரியாது. பொட்டலங்கள் அடியில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், கண்ணுக்குப் படாது. அதனால் ரோட்டரில் வைக்கும்போதே மேலே பார்க்கும் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுவோம். இதோ, இந்த இடத்தில். அந்தக் கோட்டை நம்பித்தான் திரவத்தைக் கொட்டுகிறோம். ஒரு தடவை ஈரத்தில் கோடு அழிந்துபோய், மூன்று வார வேலை சிங்க்கில் போனது. அன்றிலிருந்து அழியாத மை மட்டும்தான்.

வாங் குழுவுக்கு வருவோம். 2014-ல் அவர்கள் வெளியிட்டது மிர்-105 என்ற மைக்ரோஆர்என்ஏ பற்றி. பரவும் தன்மை கொண்ட மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் இதைப் பொட்டலத்தில் போட்டு அனுப்புகின்றன. ரத்தக் குழாயின் உள்சுவரில் செல்கள் இடைவெளி இல்லாமல் கோத்து நிற்கும். அந்தக் கோர்வைக்கு இசட்ஓ-1 என்ற புரதம் வேண்டும். மிர்-105 உள்ளே போய் அதன் சீட்டில் ஒட்டிக்கொள்ள, புரதம் குறைகிறது, சுவர் நெகிழ்கிறது. எலிகளில் மிர்-105-ஐத் தடுத்தபோது கசிவும் குறைந்தது, பரவலும் குறைந்தது.

இது வேலி பிரிப்பது. பரம்படிப்பது 2015-ல் வெளிவந்த மிர்-122 ஆய்வில் இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. அதன் ஆரம்பம் 2012. சிகிச்சை தொடங்கும் முன் 42 நோயாளிகளின் ரத்தத்தில் மைக்ரோஆர்என்ஏக்களை எண்ணியபோது, பின்னாளில் பரவல் வந்தவர்களிடம் மிர்-122 கூடுதலாக இருந்தது. விசித்திரம் என்னவென்றால், மிர்-122 கல்லீரலின் சொந்தச் சரக்கு. மார்பகச் செல்லுக்கு அதனிடம் என்ன வேலை?

புற்றுநோய்ச் செல் குளுக்கோஸைக் குடித்துத் தீர்க்கும் என்பது பழைய சேதி. ஆனால் நுரையீரலிலும் மூளையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல செல்களும் அதே குளுக்கோஸைத்தான் நம்பியிருக்கின்றன. மிர்-122 பொட்டலம் அந்த நல்ல செல்களுக்குள் போய் பைருவேட் கைனேஸ் என்ற நொதியைக் குறைக்கிறது. குளுக்கோஸை எரிக்கும் அடுப்பில் கடைசிப் பர்னர் அது. அது அணைந்தால் செல் குளுக்கோஸை உள்ளே எடுப்பதையும் குறைத்துக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் அரை வயிறு சாப்பிட, சோறு மிஞ்சிக் கிடக்கிறது. பின்னால் வரும் புற்றுநோய்ச் செல்லுக்கு அது விருந்து. எலிகளில் மிர்-122-ஐத் தடுத்தபோது மூளையும் நுரையீரலும் மறுபடி குளுக்கோஸை எடுக்கத் தொடங்கின, பரவலும் குறைந்தது.

உடனே "அப்போ சர்க்கரையை நிறுத்தினால் போதுமா" என்று கேட்பீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் இனிப்பை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கீமோ நடக்கும்போது பட்டினி கிடந்து எடை குறைந்து சிகிச்சையே தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2018-ல் மீண்டும் மிர்-105. இந்தத் தடவை கட்டியைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுச் செல்கள். தீனி நிறைய இருக்கும்போது அவை புற்றுநோய்ச் செல்லுக்குச் சமைத்துப் போடுகின்றன. தீனி குறைந்து லாக்டிக் அமிலமும் அம்மோனியமும் தேங்கினால், அந்தக் கழிவையே மறுபடி உணவாக்கித் தருகின்றன. 2022-ல் வந்த ஆய்வில் மிர்-122 கணையத்துக்கே போய் இன்சுலின் சுரப்பைக் குறைப்பதைக் காட்டினார்கள். சுகர் இருக்கிறவர்கள் இதைக் கேட்டுப் பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்குச் சுகர் வரும் காரணமே வேறு.

இவ்வளவும் கேட்டுவிட்டு சித்தி, "அந்த 122-ஐ எனக்கு ரத்தத்துல பாக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை அல்ல அது. தவிர, கல்லீரல் லேசாகப் பாதிக்கப்பட்டாலே ரத்தத்தில் மிர்-122 ஏறிவிடும். எண் கூடியிருந்தால் அது கட்டி அனுப்பியதா, மாத்திரையால் கல்லீரல் கசியவிட்டதா என்று எப்படிப் பிரிப்பது?

அவரிடம் ஒரு இடத்தில் "எக்ஸோசோம் டிரிப் ஏத்தினால் எதிர்ப்பு சக்தி கூடும்" என்று பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரிலேயே எக்ஸோசோம் ஊசிகள் பற்றி எச்சரிக்கை விட்டது. அங்கே எந்த நோய்க்கும் எக்ஸோசோம் சிகிச்சைக்கு அவர்கள் அனுமதி தந்ததில்லை. பொட்டலத்துக்குள் என்ன சரக்கு என்று தெரியாமல், அதுவும் புற்றுநோய் இருக்கும் உடம்பில் ஏற்றுவதை நினைத்தாலே பதறுகிறது. மைக்ரோஆர்என்ஏவை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த முயற்சிகளும் கடினமானவைதான். மிர்-34-ஐப் போல வடிவமைத்த ஒரு மருந்தின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு எதிர்விளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது.

நான் சித்திக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. நுரையீரல் புள்ளியில் ஊசி வைத்து பயாப்ஸி எடுத்து, புற்றுநோய்ச் செல்லில் ஹார்மோனைப் பிடிக்கும் ஈஆர், பிஆர், வளரத் தூண்டும் ஹெர்2 என்ற மூன்று புரதங்களையும் மறுபடி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். நான்கு வருடத்துக்கு முன் மார்பில் இருந்தது போலவே இப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது, மருந்தும் அதைப் பொறுத்துத்தான் அமையும். பார்த்தார்கள். ஈஆர் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இருமல் குறைந்திருக்கிறதாம், நேற்று போனில் சொன்னார். அடுத்த ஸ்கேன் இன்னும் இரண்டு மாதத்தில்.

அடுத்த வீடியோவில் அந்த மூன்று பெயர்களும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த இடத்தில் இருக்கும், எப்படிப் படிப்பது என்று ஒரு மாதிரித் தாளை வைத்துக் காட்டுகிறேன்.