'டீடூர்': ரொபர்ட்ஸ் சொல்வதை நம்பலாமா?

[திரையில்: இரவு. அடர்ந்த பனிமூட்டம். ஒருவனும் ஒருத்தியும் நடந்து வருகிறார்கள்.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது நியூயோர்க் நகரம். ஆனால் ஒரு கட்டடமாவது கண்ணுக்குத் தெரிகிறதா? பனி, தெருப் பெயர்ப்பலகை, நடக்கிற இரண்டு பேர், அவ்வளவுதான். தெருவைக் கட்டப் பணமில்லை, புகையைப் போட்டு மூடிவிட்டார்கள். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் வளர்ந்த எனக்கு முதல் தடவை பார்த்தபோது இது ஒரு குறையாகவே படவில்லை. பனி இறங்கிவிட்டால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தாலும் எதிர் லயம் தெரியாது. பேச்சுச் சத்தம் மட்டும்தான் வரும்.

படத்தின் பெயர் 'டீடூர்'. மாற்றுப்பாதை என்று அர்த்தம். 1945-இல் வந்தது. இயக்கியவர் எட்கர் ஜி. உல்மர். எடுத்தது பி.ஆர்.சி. என்ற சின்னக் கம்பனி. பெரிய ஸ்டூடியோக்களுக்குப் பக்கத்திலேயே கையில் காசில்லாமல் படம் எடுத்த கம்பனிகளுக்கு ஹொலிவூட்டில் 'வறுமை வரிசை' என்று ஒரு பெயர் உண்டு. பி.ஆர்.சி. அந்த வரிசையைச் சேர்ந்தது. ஆறே நாளில் எடுத்தேன் என்று உல்மர் சொல்லி வந்தார். பின்னால் ஆராய்ந்தவர்கள் அதைவிடக் கூடுதல் நாள் ஆனது, செலவும் ஒரு லட்சம் டொலரைத் தாண்டியது என்று காட்டியிருக்கிறார்கள். அப்படியே இருந்தாலும் அந்தக் காலத்துப் பெரிய படங்களுக்கு முன்னால் அது சில்லறைக் காசுதான். 1992-இல் அமெரிக்கா இதைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இனி முழுக் கதையையும் சொல்லப்போகிறேன். படம் 68 நிமிடம்தான். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்தி, பார்த்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: சாப்பாட்டுக் கடை. ஒருவனின் முகம் இருட்டில், கண்கள் மட்டும் வெளிச்சத்தில்.]

ரொபர்ட்ஸ் நியூயோர்க்கில் ஒரு இரவு விடுதியில் பியானோ வாசிப்பவன். அங்கே பாடுகிற சூ அவனுடைய காதலி. அவள் பெரிய பாடகியாகும் ஆசையில் ஹொலிவூட் போய்விடுகிறாள். அவளைப் பார்க்க, வழியில் போகும் கார்களைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, நாட்டின் அந்தக் கரைக்குப் புறப்படுகிறான். ஹஸ்கெல் என்ற பணக்காரன் ஏற்றிக்கொள்கிறான். இரவில் மழை. காரை ஓட்டுவது ரொபர்ட்ஸ், ஹஸ்கெல் பக்கத்தில் தூக்கம். கூரையை இழுத்து மூடலாம் என்று நிறுத்தி, அவன் பக்கத்துக் கதவைத் திறக்கிறான். ஹஸ்கெல் சரிந்து விழுகிறான், தலை கல்லில் அடிபடுகிறது. ஆள் செத்துப்போய்க் கிடக்கிறான். பொலிஸ் நம்பாது என்று பயந்து பிணத்தை மறைத்துவிட்டு, அவனுடைய உடுப்பு, பணம், லைசென்ஸ், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறான். மறுநாள் வீரா என்ற பெண்ணுக்கு இரக்கப்பட்டு இடம் கொடுக்கிறான். முன்பு அதே ஹஸ்கெலின் காரில் வந்தவள் அவள். பிணத்தை எங்கே போட்டாய் என்று கேட்டுவிடுகிறாள். அதன்பிறகு அவள் பிடியில்தான் அவன். வீராவாக நடித்த ஆன் சவேஜ் பேசும் ஒவ்வொரு சொல்லும் அறைகிற மாதிரி விழும். கடைசியில் அவளும் சாகிறாள். டெலிபோனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாள், வயர் கழுத்தில் சுற்றிக் கிடப்பது தெரியாமல் இவன் வெளியே நின்று இழுக்கிறான். இதுவும் தற்செயல்தான் என்கிறான்.

இரண்டு சாவு. இரண்டு தடவையும் அவன் மட்டும்தான் பக்கத்தில். கதையைச் சொல்வதும் அவன் மட்டும்தான்.

இந்தப் படத்தை எங்கள் தோட்டத்து வாசிகசாலையில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் போட்டேன். இருபது பேர் இருக்கும். முக்கியமான இடங்களில் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். முடிந்ததும் ஒருவரும் எழும்பவில்லை. வாக்குவாதம்தான்.

ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி முதலில் எழுந்தாள். "அண்ணா, இவன் பொய் சொல்றான். ஒருதடவை கைதவறி ஆள் செத்தா நம்பலாம். ரெண்டாவது தடவையும் கைதவறுமா? முதல்லயே நீங்க நம்ப மாட்டீங்கன்னு அவனே சொல்றானே, உண்மை பேசுறவன் ஏன் அப்பிடிச் சொல்லணும்?"

படத்தைப் பற்றிப் பல காலமாக நடக்கும் விவாதம் இதுதான், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். நானும் அவள் கட்சி. கணக்குப் பாருங்கள்: அவன் சொல்கிறபடி பார்த்தால் எல்லாம் விதி. ஆனால் அந்த விதி, அவனுக்குக் காசு தேவைப்பட்டபோது காசையும், வீராவிடமிருந்து விடுதலை தேவைப்பட்டபோது விடுதலையையும் கொண்டுவந்து கையில் கொடுக்கிறது.

அப்போதுதான் பின்வாங்கிலிருந்து ஒரு மாமா பேசினார். இளவயதில் கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். "நீங்க எல்லாம் சின்னப் பிள்ளைங்க. கையில அடையாள அட்டை இல்லாம சோதனைச் சாவடியில நின்னு பாத்திருக்கீங்களா? நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன். உண்மையத்தான் சொன்னேன், கேக்கிறதுக்கு ஆளில்ல. பொலிஸ் நம்பாதுன்னு அந்தப் பையன் பயந்ததுல என்ன பொய் இருக்கு?"

வாசிகசாலை அமைதியாகிவிட்டது. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. இடையிலே இரண்டு, மூன்று தலைமுறை. நீ யார் என்று ஒரு தாள் சொன்னால்தான் நீ என்பதை அனுபவித்த மனுஷர், செத்தவனின் லைசென்ஸை எடுத்துச் சட்டைப்பையில் வைக்கும் ரொபர்ட்ஸை வேறு கண்ணால் பார்க்கிறார். நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இந்தப் பார்வையைக் கண்டதில்லை. என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பயம் மட்டும் உண்மை என்று இப்போது நம்புகிறேன். பயம் உண்மையாக இருப்பதால்தான் அதற்குப் பின்னால் மற்றதை ஒளிக்க முடிகிறது.

[திரையில்: நெடுஞ்சாலை. கார் வலமிருந்து இடமாகப் போகிறது.]

இந்தக் காட்சியில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? எங்கள் இருபது பேருக்கும் தெரியவில்லை. கார் இடதுபக்கமாக ஓடுகிறது, ஸ்டியரிங் வலதுபக்கம். அட்டன் ரோட்டில் தினமும் பார்ப்பதுதானே! ஆனால் இது அமெரிக்கா. அங்கே எல்லாம் நேர்மாறு. நியூயோர்க்கிலிருந்து மேற்கே போகிறவன் வரைபடத்தில் வலமிருந்து இடமாகத்தானே போகவேண்டும்? அதற்காக எடுத்த படச்சுருளையே கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். திரும்ப எடுக்கக் காசில்லை. அமெரிக்கர்கள் பெரிய பிழையாகக் காட்டும் இடம் நமக்கு வெகு இயல்பாக இருந்தது.

இதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பனிக்குள் மறைந்த நகரம், திருப்பிப் போட்ட ரோடு, கார் ஜன்னலுக்குப் பின்னால் திரையில் ஓடவிட்ட ரோட்டுப் படம்: எல்லாமே ஒருவன் தனக்கு வசதியாக நினைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. காசு நிறைய இருந்திருந்தால் உல்மர் உண்மையான தெருவைக் காட்டியிருப்பார், நாமும் ரொபர்ட்ஸை எளிதாக நம்பியிருப்போம். அந்த ஏழ்மைதான் நம்மைச் சந்தேகப்பட வைக்கிறது. வீரா செத்தபிறகு கமரா அந்த அறையில் ஒவ்வொரு பொருளாக நகர்ந்து போகும், படம் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். அதில் செலவு என்ன இருக்கிறது? ஆனால் அந்த நேரத்தில் வாசிகசாலையில் ஒருவர்கூட இருமவில்லை.

ஒரு விஷயம்: பழைய பிரதிகள் கீறலும் இருட்டுமாக இருக்கும். 2018-இல் பெல்ஜியத்திலிருந்த ஒரு பிரதியின் உதவியோடு படத்தைச் சீராக்கியிருக்கிறார்கள். கிடைத்தால் அதைப் பாருங்கள்.

[திரையில்: டெலிபோன் கம்பிகள். இணைப்புக் கொடுக்கும் பெண்கள். காதில் ரிசீவரோடு சூ.]

கடைசியாக இது. ரொபர்ட்ஸ் சூவுக்குத் தொலைதூர அழைப்பு எடுக்கிறான். கம்பிகள் ஓடுகின்றன, இணைப்புக் கொடுக்கிறார்கள், அவன் பேசிக்கொண்டே போகிறான், வருகிறேன் என்கிறான். சூவைக் காட்டுகிறார்கள், ஆனால் ரிசீவரைக் காதில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் இந்த இடத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கவனித்ததே இல்லை.

வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கிற ஒரு அத்தை பக்கத்தில் வந்து கேட்டார். "தம்பி, அந்தப் பாட்டுக்காரப் புள்ள போன்ல ஒரு வார்த்தகூடப் பேசலயே, ஏன்?"

தெரியவில்லை அத்தை என்றேன்.

"வராதேன்னு சொல்லியிருப்பா. அதை மட்டும் இவன் நம்மகிட்ட சொல்லல."