மடி வாட்டர்ஸ் ஊட்டி வளர்த்த பிள்ளைகள்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, நூலகர் ஐயா அவர்களே, எப்போது கேட்டாலும் முகம் சுளிக்காமல் மைக் செட் கட்டித் தரும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். அம்மா ஏழு மணிக்கு இன்னொரு விழாவுக்குப் போக வேண்டுமாம். அதற்குள் ஒரு விஷயத்தை அவர் காதில் போட்டுவிட வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பெரிய பாடகரும் கிதார் கலைஞருமான மடி வாட்டர்ஸ் பற்றி மூன்று செய்திகள் சொல்வேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். குழுவை அவர் வளர்த்த விதம், 1958இல் மின்கிதாரோடு இங்கிலாந்து போனது, பாட்டுரிமைப் பணத்துக்காக வழக்குப் போட்டது. சரி, எது வரைக்கும் போகிறது பார்ப்போம்.

மிசிசிப்பியில் ஸ்டோவல் பண்ணையில் பாட்டி கையில் வளர்ந்தவர் அவர். பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். 1941இல் நாட்டார் பாட்டுகளைத் தேடிச் சேகரித்த ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவர் பாட்டைப் பதிந்தார்கள். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே பிக் பில் புரூன்ஸி என்ற மூத்த ப்ளூஸ் பாடகர் இந்தப் புது ஆளைச் சேர்த்துக்கொண்டு மேடை காட்டினார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். சிரிக்கிறீர்கள், எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. 1957 செப்டம்பரில் லூசியானாவிலிருந்து இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் கிதாரோடு சிகாகோ வந்து சேர்கிறான். பெயர் பட்டி கய். வேலை கிடைக்கவில்லை, கையில் இருந்த காசும் தீர்ந்துபோயிற்று. சாப்பிட்டு மூன்று நாளாகிறது. ஊருக்கு போன் போட்டுப் பணம் கேட்டு, திரும்பிப் போய்விடலாம் என்கிற நிலை. அப்போது தெருவில் யாரோ ஒருவர், வாடா தம்பி என்று அவனை ப்ளூஸ் வாசிக்கும் 708 கிளப் என்ற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். பையன் மேடையேறுகிறான். பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், ஆனால் வாசிப்பு நெருப்பு! கேட்டவர்கள் மடி வாட்டர்ஸுக்குத் தகவல் சொல்கிறார்கள். மனிதர் சிவப்பு செவர்லே வண்டியில் வந்து இறங்குகிறார். வந்தவர் கிதாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பசிக்கிறதா?’ என்று கேட்கிறார். ரொட்டியும் சலாமி இறைச்சியும் எடுத்து, தன் கையாலேயே சாண்ட்விச் செய்து கொடுக்கிறார். பையனோ, உங்களைப் பார்த்ததே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்கிறானாம். அதெல்லாம் இருக்கட்டும், முதலில் சாப்பிடு என்கிறார் இவர். பட்டி கய் இதை எண்பது வயது தாண்டியும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

லிட்டில் வால்டர் கதை வேறு மாதிரி. மடி வாட்டர்ஸ் குழுவில் ஹார்மோனிகா வாசித்தவர். 1952இல் மடி வாட்டர்ஸின் பாட்டுகளைப் பதிய உட்கார்ந்தபோது, குழு வழக்கமாக வாசிக்கும் மெட்டு ஒன்றையும் பதிந்தார்கள். வெளிவந்தது வால்டர் பெயரில். அது இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனதும் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். நம் பக்கமாக இருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது! மடி வாட்டர்ஸோ காலியான இடத்தில் ஜூனியர் வெல்ஸை உட்காரவைத்தார், வால்டரையும் ஒலிப்பதிவுக்குத் தொடர்ந்து கூப்பிட்டார். 1955இல் வந்து யோசனை கேட்ட சக் பெர்ரி என்ற பாடகரைத் தன் இசைத்தட்டுகளை வெளியிட்ட செஸ் கம்பெனிக்கே அனுப்பிவைத்தார். போட்டிக்கு வருவானே என்று நினைக்கவில்லை.

இந்தக் குழு கூடிப் பழகியது எங்கே? அம்மா, இதை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சவுத் லேக் பார்க் அவென்யூவில் 1954இல் அவர் வாங்கிய வீடு. அதன் நிலவறையில்தான் ஒத்திகை. பியானோக்காரர் ஓடிஸ் ஸ்பான் குடியிருந்ததும் அங்கேதான். 2021இல் சிகாகோ நகரமன்றம் அந்த வீட்டை நகரின் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

நம் நூலகத்துக்கு மேலே ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், பழைய பேனர், எலிப் புழுக்கை. இந்த ஊரில் டிரம்ஸ் அடிக்கிற பையனுக்கும் பறை பழகுகிற பெண்ணுக்கும் எந்த வீட்டு ஓனரும் இடம் கொடுப்பதில்லை. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை அந்த அறையைத் திறந்துவிடுங்கள். மின்கட்டணத்தை வாசகர் வட்டம் ஏற்கும். பொருளாளர் முறைக்கிறார், அவரிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

மடி வாட்டர்ஸ் 1983இல் இறந்தார். அவர் மகன் பிக் பில் மார்கன்ஃபீல்ட் அப்பாவோடு வளரவில்லை, பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அப்பா போன பிறகுதான் கிதாரைக் கையில் எடுத்து, ப்ளூஸ் பாடகராக ஆனார். தானே வளர்ந்த பிள்ளை. பழமொழி இப்படியும் பலிக்கும் போல. அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. இங்கிலாந்தும் வழக்கும் அடுத்த ஆண்டு விழாவில். அறைக்கான மனு வாசலில் காபி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். அம்மா கிளம்புவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வணக்கம்.