பாக்டீரியாவின் வளைவு எதற்காக?

‘பாக்டீரியாவின் வடிவத்தைத் தீர்மானிப்பவை பௌதிக விசைகளா, பரிணாமமா?’ என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து. எந்த வடிவங்கள் சாத்தியம் என்பதற்கு விசைகள் எல்லை வகுக்கின்றன. அவற்றுள் எது நிலைக்கும் என்பதை இயற்கைத் தேர்வு முடிவு செய்கிறது.

செல்லுக்குள் இருக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் வெளிநோக்கித் தள்ளுகிறது. ஆகவே, கோல் வடிவமுள்ள ஈ. கோலையின் செல் சுவரை லைசோசைம் நொதியால் சிதைத்துவிட்டால், தகுந்த கரைசலில் அது வெடிக்காமல் உருண்டையாகிவிடும். கோலாகவோ வளைவாகவோ இருப்பதற்குச் சுவரை ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் கட்டும் புரதங்கள் தேவை. அந்தப் புரதங்களுக்குரிய மரபணுக்களின் மீதுதான் பரிணாமம் செயல்படுகிறது.

இதற்கு நல்ல சான்று, நன்னீரில் வாழும் காலோபாக்டர் கிரெசென்டஸ். பிறை போல வளைந்த இந்தச் செல்லின் உட்புற வளைவை ஒட்டி கிரெசென்டின் என்னும் புரத இழை ஓடுகிறது. அந்த மரபணுவை நீக்கினால் செல் நேரான கோலாகிவிடும்; ஆனாலும் ஆய்வகக் குடுவையில் எந்தக் குறையுமின்றி வளரும். பயனில்லாத வளைவை இயற்கை ஏன் இவ்வளவு கவனமாகக் காத்து வருகிறது என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது. குடுவையில் நீரோட்டம் இல்லை என்பதில்தான் விடை இருந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இச்செல்களை நீர் ஓடும் நுண்குழாய்களில் வைத்துப் பார்த்தார்கள். காலோபாக்டர் ஒரு முனையால் பரப்பில் ஒட்டிக்கொண்டு, மறுமுனையில் சேய்ச் செல்லை உருவாக்கும் உயிரி. வளைந்த செல்லின் மீது நீர் மோதும்போது முறுக்குவிசை உண்டாகி, செல் திரும்பி, பரப்பின் மேல் வில்லாகக் கவிகிறது. ஒட்டாத முனை பரப்பை நெருங்குவதால், சேய்ச் செல் பிரியும் தறுவாயில் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது; நேரான செல்லுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆகவே ஓட்டமுள்ள நீரில் பரப்பைப் பிடித்துப் பெருகுவதில் வளைந்தவையே முந்தின.

இதை வைத்து, எல்லா வளைவுகளும் நீரோட்டத்துக்காகவே தோன்றியவை என்று கொள்ளக்கூடாது. திருகு வடிவமுள்ள ஹெலிகோபாக்டர் பைலோரி, இரைப்பையின் கெட்டியான சளிப்படலத்தில் வாழ்கிறது. திருகை இழந்த அதன் திரிபுகளும் எலியின் இரைப்பையில் குடியேறுவதில் பின்தங்கின. ஆனால் அங்கே செல் எதிர்கொள்வது ஆற்றுநீரை அல்ல, சளியை.