பேன்டோவுக்கு ஆள் வேணும்: தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுல நான் பேசினது

விழாத் தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, கவுன்சிலர் ஐயா அவர்களே, காலையிலேர்ந்து மைக்கோட மல்லுக்கட்டுற தம்பிங்களே, உள்ள வடை சுட்டுக்கிட்டு இருக்கிற அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம். கவுன்சிலர் ஐயாவுக்குத் தனியா நன்றி சொல்லணும், போன ஜனவரியில எங்க நாடகக் குழுவோட பேன்டோமைமுக்கு, அதான் பேன்டோன்னு சொல்ற இங்கிலாந்து சிரிப்பு நாடகத்துக்கு, பேரப்பிள்ளைங்களோட வந்தவரு முடிஞ்சதும் கிளம்பாம எங்ககூட நின்னு நாற்காலி மடக்கி வச்சிட்டுத்தான் போனாரு. தலைமை ஆசிரியை அம்மா போஸ்டரை பள்ளி வாசல்ல ஒட்ட விட்டாங்க, அதுக்கும் நன்றி. எங்க அப்பா அடிக்கடி சொல்வாரு, ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்னு.

மூணு விஷயம் சொல்லலாம்னு வந்தேன். பேன்டோமைம் எங்கிருந்து வந்துச்சு, அதுல பொம்பள வேஷம் கட்டின ஆம்பளையப் பாத்து எங்கம்மா என்ன சொன்னாங்க, அதுல நம்ம பிள்ளைங்க ஏன் இல்ல.

முதல் விஷயம் சுருக்கமா. இத்தாலியில முகமூடி போட்டு ஆடின கூத்து 1700கள்ல லண்டன் மேடைக்கு வந்துச்சு, ஜான் ரிச்னு ஒருத்தர் ஹார்லிக்வின்ங்கிற குறும்புக்கார வேலைக்காரன் வேஷம் கட்டி வாயே திறக்காம உடம்பாலயே கதை சொன்னாரு. 1806ல கோவன்ட் கார்டன்ல ஜோசப் கிரிமால்டி கோமாளியா வந்து ஊரையே சிரிக்க வச்சாரு. அப்புறம் வசனம், பாட்டு, சிண்ட்ரெல்லா, அலாதீன் எல்லாம் சேர்ந்து கிறிஸ்துமஸ் சமயத்துல குடும்பத்தோட போற நாடகமா ஆயிடுச்சு.

ரெண்டாவது விஷயம், எங்கம்மா கதை. அம்மாவுக்கு செய்யாறு பக்கம், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆறு மாச விசாவுல வந்திருந்தாங்க, ஜனவரி குளிரு, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறாங்களேன்னு எங்க நாடகத்துக்கு கூட்டிட்டுப் போனேன். டேம்னு சொல்ற அம்மா வேஷத்துல ஆறடி ஆள், பகல்ல அவரு பிளம்பர், பெரிய பாவாடையோட மேடைக்கு வந்ததும் அம்மா நிமிர்ந்து உக்காந்துட்டாங்க, "இது நம்ம தெருக்கூத்துக் கட்டியக்காரன்டா"ன்னாங்க. பேய் சீன் வந்துச்சு. நாலு பேர் பெஞ்சுல உக்காந்து பாடுறாங்க, பேய் பின்னாடி வருது, பிள்ளைங்கெல்லாம் "பின்னாடி இருக்கு"ன்னு இங்கிலீஷ்ல கத்துதுங்க, இவங்களும் வேணும்னே தப்பான பக்கம் திரும்பிப் பாக்குறாங்க. அம்மாவால தாங்க முடியல, எழுந்து நின்னு கை நீட்டி "ஏம்பா, அந்தப் பக்கம் இல்லப்பா, இந்தப் பக்கம்!"னு ஒரு சத்தம், ஹால் முழுக்க திரும்பிப் பாத்துச்சு. அந்த பிளம்பர் ஒரு வினாடி யோசிக்கல, அம்மாவையே பாத்து "எங்க?"ன்னு கையாலயே கேக்குறாரு, அம்மா திரும்பவும் காட்டுறாங்க, அவரு திரும்பவும் தப்பாப் பாக்குறாரு, மூணு வாட்டி நடந்துச்சு, கடைசியில முழு ஹாலும் அம்மாகூட சேர்ந்து அந்தப் பக்கம் கை நீட்டுது. இடைவேளையில பிளம்பர் அதே பாவாடையோட வந்து அம்மாவுக்கு டீ குடுத்தாரு. வீட்டுக்கு வர்ற வழியில அம்மா கேட்டாங்க, "இத்தன குழந்தைங்க ஆடுச்சே, அதுல நம்ம புள்ள ஒண்ணு கூட இல்லயேடா?"

இதைக் கேக்கத்தான் இன்னிக்கு மேடை ஏறினேன். செப்டம்பர்லேர்ந்து ரிகர்சல், வாரத்துல ரெண்டு சாயங்காலம். நம்ம பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டு சாயங்காலமும் இலெவன் பிளஸ்ங்கிற பள்ளி நுழைவுத் தேர்வுக்கு டியூஷன். டியூஷன் வேணாம்னு சொல்லல, வாரத்துல ஒரு நாளாவது விடுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். டீச்சர் கேட்டா தலையக் குனியுற பிள்ளை, முந்நூறு பேர் முன்னாடி சத்தமா பேசினதை நான் பாத்திருக்கேன். பயமும் வேணாம், பள்ளிக்கூட வயசுப் பிள்ளைங்களுக்கு கவுன்சில் லைசென்ஸ், கூடவே பாத்துக்க ஆள், எல்லாத்துக்கும் முறை இருக்கு.

நடிக்க ஆள் இருந்தா மட்டும் போதாது. செட்டுக்கு பெயின்ட், லைட்டு, டிக்கெட், டீ, எல்லாத்துக்கும் கை வேணும். எங்களுக்கு பேன்டோவுல வர்ற காசுலதான் வருஷம் பூரா மத்த நாடகம் ஓடுது, பேன்டோ நின்னா குழுவே நின்னுடும். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், இதுவும் நம்ம ஊர்தானே? இருபது வருஷமா இங்க வரி கட்டுறோம், பிள்ளைங்க இங்கதான் பொறந்துச்சு, வடத்துல கை வைக்காம ஓரமா நின்னு பாத்தது போதும்.

தலைவர் மணியப் பாக்குறாரு, மன்னிக்கணும் ஐயா. இந்த வருஷம் ஜாக்கும் அவரைக்கொடியும் கதை. வாசல் மேசையில ஒரு நோட்டு இருக்கு, போகும்போது பேரும் போன் நம்பரும் எழுதிட்டுப் போங்க. தையல் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் உடனே வேணும், கதையில வர்ற மாட்டு வேஷத்தோட பின்னங்கால் ரெண்டும் கிழிஞ்சு கிடக்கு.