கண்டவர்கள் பொய் சொல்லவில்லை

நடுவர் அவர்களுக்கும், அல்சூருக்குத் திரண்டு வந்திருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். காலங்காலமாக மக்கள் வானத்தில் பார்த்த, விளக்கம் கிடைக்காத ஒளிகள் ‘கண்ட காட்சியா, கட்டிய கதையா?’ இதுதான் தலைப்பு. காட்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

நிறையக் குறிப்பு எடுத்து வந்தேன். 1561-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் மக்கள் விடியற்காலையில் கண்ட உருண்டைகள், 1947-இல் அமெரிக்க விமானி கென்னத் அர்னால்டு ரெய்னியர் மலைப்பக்கம் கண்ட ஒன்பது பொருட்கள்... எல்லாம் இருக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, “இந்த அதிசயமெல்லாம் மாடு மேய்க்கிறவன் கண்ணுக்குத்தான் தெரியும், படித்தவன் கண்ணுக்குத் தெரியாது” என்றார். அரங்கமே சிரித்தது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

கேளுங்கள் தங்கச்சி. 1768. பிரான்சில் லூசே என்ற ஊர். வயலில் நின்றவர்களுக்கு இடி மாதிரி சத்தம் கேட்கிறது. அண்ணாந்து பார்த்தால் கல் விழுகிறது. ஓடிப்போய்த் தொட்டால் சுடுகிறது! கல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குப் போகிறது. ஆராய்ந்த குழுவில் யார்? வேதியியல் மாமேதை லவாய்சியே. என்ன சொன்னார்கள்? இது பூமிக் கல்தான், மின்னல் தாக்கியிருக்கிறது என்றார்கள். தொட்டுப் பார்த்தவன் பேச்சு எடுபடவில்லை.

35 வருஷம் ஓடுகிறது. 1803 ஏப்ரல் 26, அதே பிரான்சில் லேகிள் என்ற ஊர். பட்டப்பகல். வானத்தில் சின்னதாக ஒரு மேகம். திடுதிடுவென்று வெடிச்சத்தம். ஒரு கல்லா, இரண்டு கல்லா? ஆயிரக்கணக்கில்! அரசாங்கம் பியோ என்ற விஞ்ஞானியை அனுப்புகிறது. வயது 29. அந்தப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? ஊர் ஊராக நடந்தார். விவசாயியைக் கேட்டார், பெண்களைக் கேட்டார், பாதிரியாரைக் கேட்டார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அக்கம்பக்கத்து உலை, சுரங்கம் எதிலும் அந்த மாதிரிக் கல் கிடையாது என்றும் பார்த்துக்கொண்டார். பாரிஸுக்குத் திரும்பி எழுதினார்: கற்கள் வானத்திலிருந்துதான் விழுந்தன! படித்தவன் பாடம் கேட்டது யாரிடம் தங்கச்சி? இந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம், அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம் எதிரணித் தங்கை லடாக்கைச் சொன்னார். 2012-இல் பாங்காங் ஏரிப் பக்கம் நம் வீரர்கள் கண்ட ஒளிகளை, நம்ம கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் கழகம் வெள்ளி, வியாழன் கோள்கள் என்று கண்டுபிடித்தது. உண்மைதான். அப்படியென்றால் வானத்தில் ஒளி இருந்ததா இல்லையா? உறையும் குளிரில் காவல் நின்றவன் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். அதுவா கட்டுக்கதை?

என் ஆயா தங்கவயல்காரர். தாத்தா ராத்திரி ஷிஃப்ட்டுக்குச் சுரங்கத்தில் இறங்கியிருந்த ஒரு நாள், தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நின்ற ஆயா, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு மேலே பச்சையாக ஒரு நெருப்புருண்டை ஓடி மறைந்ததைப் பார்த்தார். மறுநாள் லைன் முழுக்கச் சிரித்தது. பித்து என்றார்கள். அதற்கப்புறம் வெளியில் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாத்தா மட்டும் கேட்டாராம்: “எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு? எந்தப் பக்கம் போச்சு?” சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார் ஆயா. தன்னை நம்பி ஒருத்தர் கேட்டாரே என்று.

நடுவர் அவர்களே, என் ஆயா பொய் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பை இந்த மேடையில் தாருங்கள்.